சமதரையில் காற்றுதான் மேடு

சென்ற இதழில், கால்வாய்க் கரைகளில் நிதானமாகச் சைக்கிள் ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்த ஒரு வாசகிக்குப் பத்து வரியில் பதில் எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த முறை கேள்வி பதில் பகுதி முழுவதும் அதற்கே. என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பாசனக் கால்வாய்களில் மட்டம் எடுக்கும் வேலையில் 29 ஆண்டுகள் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கரையை விட்டு வர மனம் இல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நேர்கோடாக ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் வயல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, பல இடங்களில் வளைவுகூட இல்லை. ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடாதா? மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை.
— ஓர் இளைஞர்

பதில்: வேகமாகப் போனால் அலுக்கத்தான் செய்யும் தம்பி. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்குக் கால்வாய் வெறும் நீளம்தான். 12-க்கு இறங்கிப் பாருங்கள். லாரி இல்லை, ஹாரன் இல்லை, பின்னால் யார் வருகிறார்கள் என்ற பயம் இல்லை. அந்தப் பயம் போன பிறகுதான் கண்ணும் காதும் முழுதாக வேலை செய்யத் தொடங்குகின்றன.

ஒரு காலையில் கரையோரக் கம்பம் ஒன்றில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நான் நெருங்கியதும் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, எழுபது மீட்டர் தள்ளி அடுத்த கம்பத்தில் போய் உட்கார்ந்தது. மறுபடி நெருங்கினேன், மறுபடி எழுந்து அடுத்த கம்பம். இப்படி ஆறு முறை. அதற்கு மேல் அது முன்னே போகவில்லை. தண்ணீருக்கு மேல் அகலமாக ஒரு வளைவு போட்டு, என்னைக் கடந்து, புறப்பட்ட பக்கமே திரும்பிவிட்டது. மீன்கொத்தி தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அந்த எல்லையின் ஓரம் இதுதான் என்று கண்ணால் பார்த்தது அன்றைக்கு. கம்பங்களை எண்ணிக் கணக்குப் போட்டேன், 400 மீட்டருக்குச் சற்று மேல் வந்தது. மணிக்கு 25-இல் போயிருந்தால் ஒரு நீலக் கீற்று, அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஏற்றமில்லை" என்று நீங்கள் ஒரே சொல்லில் தள்ளிவிட்ட அந்தச் சமதரை பல இடங்களில் ஆட்கள் உருவாக்கியது. படகு போகும் கால்வாயில் தண்ணீர் ஓடாமல் நிற்க வேண்டும். அதனால் பழைய கால்வாய்களை வெட்டியவர்கள் நிலத்தில் ஒரே உயரமுள்ள கோட்டைப் பிடித்துக்கொண்டு, குன்று வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிண்ட்லி அப்படித்தான் கால்வாய்களை ஓட்டினார். அவர் தொடங்கிவைத்த ஆக்ஸ்போர்டு கால்வாய் எவ்வளவு வளைந்து கிடந்தது என்றால், 1830-களின் தொடக்கத்தில் அதன் வடபகுதியை நேராக்கியபோது இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளம் குறைந்தது. சுற்ற முடியாத இடத்தில் தண்ணீரைப் படி வைத்து ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை விட்டு நிரப்பினால் படகு அடுத்த மட்டத்துக்கு உயரும். லாக் என்பது அதுதான். கரையில் போகும்போது லாக் வரும் இடத்தில் மட்டும் பாதை சட்டென்று இரண்டு மூன்று மீட்டர் எகிறும். நம் பயணத்தின் மலைகள் அவை மட்டுமே.

பாசனக் கால்வாயின் கதை வேறு. அங்கே தண்ணீர் ஓட வேண்டும், ஆனால் கரையை அரிக்காமல் ஓட வேண்டும். பெரிய கால்வாய்களில் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர்தான் சரிவு கொடுப்பார்கள். ஒரு சாண்கூட வராது. அந்த ஒரு சாணைத் தப்பில்லாமல் கொண்டுவர வெயிலில் நின்ற ஆட்களில் நானும் ஒருத்தி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவின் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. நீங்களும் ஒருமுறை அதன் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58, என் கணவருக்கு 63. இருவருக்கும் முழங்காலில் லேசான வலி உண்டு. ஆனால் தினமும் நடக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்? சமதளம்தானே, 80 போகலாம் என்கிறார் இவர்.
— ஒரு வாசகி

பதில்: முதல் நாள் 30. உடம்பு ஒத்துக்கொண்டால் மூன்றாம் நாளிலிருந்து 40 அல்லது 45. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. சமதளம் என்றால் சுலபம் என்று உங்கள் கணவரைப் போலத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மேடு பள்ளமான சாலையில், ஏறும்போது உழைத்த கால் இறங்கும்போது சும்மா இருக்கும். இருக்கையை விட்டு எழுந்து மிதிப்போம், கையை மாற்றிப் பிடிப்போம். சமதரையில் இறக்கமே கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும். நிமிடத்துக்கு 70 சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடங்கி நிமிர்கிறது. ஓய்வே இல்லாமல், ஒரே கோணத்தில்.

அதனால் சீட் உயரம் சரியாக இருந்தே ஆக வேண்டும். சீட்டில் நேராக உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலை அடிவரை கொண்டுபோங்கள். கால் அப்போது முழுதாக நீண்டிருக்க வேண்டும். பலரும் கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல் இலகுவான கியரில் சற்று வேகமாகச் சுற்றுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளியோரத்தில் வரும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரை உயர்த்தி, கைகளை அடிக்கடி இடம் மாற்றுங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பாலத்தில் இறங்கி நூறடி நடந்துவிட்டு ஏறுங்கள். வலி இருப்பதால், புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: அம்மா, "கால்வாய்க் கரைக்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும்" என்று சென்ற இதழில் எழுதினீர்கள். அதை நம்பிப் போனேன். போகும்போது 28 கிலோமீட்டர், பறந்தேன் என்றே சொல்ல வேண்டும். திரும்பும்போது எதிர்காற்று. நாலரை மணி நேரம் ஆனது. கடைசி எட்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். காற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஏன்?
— ஒரு வங்கி ஊழியர்

பதில்: எழுதியிருக்க வேண்டும். பத்து வரிக்குள் அடக்கப் பார்த்து முக்கியமானதை விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

சமதரையில் காற்றுதான் மேடு. மலையில் மேடு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். காற்று என்னும் மேடு முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கும் இருக்கும், உச்சியே வராது. சமவெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. கால்வாய்க் கரை வயலைவிட ஓர் ஆள் உயரம் எழும்பி நிற்பதால் இன்னும் மோசம்.

கணக்கைப் பாருங்கள். காற்றின் தடை, நம்மேல் மோதும் காற்று வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. காற்றே இல்லாதபோது மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் மோதுவது 15. எதிரே 20-இல் காற்று வீசினால் மோதுவது 35. தடை ஏறத்தாழ ஐந்தரை மடங்கு ஆகிவிடுகிறது. முன்பு சொன்ன கிலோமீட்டருக்கு ஒரு சாண் சரிவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடை, அதே 15 கிலோமீட்டர் வேகம் என்றால், அந்தச் சரிவில் ஏறுவதற்கு ஒரு வாட்டுக்கும் குறைவான சக்திதான் கூடுதலாகத் தேவை. நீரோட்டத்தை எதிர்த்துப் போகிறோமா, அதோடு போகிறோமா என்று கவலைப்படவே வேண்டாம். கவலையெல்லாம் காற்றின் திசையைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.

காலையில் நீங்கள் பறந்தீர்கள் அல்லவா, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் காற்றே படவில்லை, சைக்கிள் தானாக ஓடுகிறது, இன்று உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் உடனே நின்று நாணலைப் பாருங்கள். அது நீங்கள் போகும் திசையில் சாய்ந்திருந்தால் உங்களை ஓட்டிக்கொண்டு போவது காற்று. போய்த் திரும்பும் பயணம் என்றால் முதல் பாதியை எதிர்காற்றில் வைத்துக்கொள்ளுங்கள். களைத்த காலுக்குத் திரும்பும்போது காற்று துணை வரும். இந்த ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்.

நேரமும் முக்கியம். சமவெளியில் பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் அதை ஒட்டிய காற்று மேலெழுகிறது. மேலே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று அந்த இடத்துக்குக் கீழே இறங்குகிறது. அதனால் முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது மறுபடி அடங்கும். நான் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பதினோரு மணிக்குள் முக்கால் பங்கு தூரத்தை முடித்துவிடுவேன்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். இலைகள் சலசலத்தால் மணிக்கு பத்து கிலோமீட்டர் போல இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். தூசி எழும்பிச் சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு மரங்களே ஆடினால் 30-ஐத் தாண்டிவிட்டது. அன்று தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் கடலுக்காக வகுத்த அளவுகோலைப் பின்னாளில் தரைக்கும் பொருத்தினார்கள். அதில் இருப்பவைதான் இந்த அடையாளங்கள்.

பக்கவாட்டில் காற்று அடித்தால் மரவரிசையின் மறைவைத் தேடுங்கள். மரம் எவ்வளவு உயரமோ அதன் பத்து மடங்கு தூரத்துக்குப் பின்புறத்தில் காற்று தணிந்திருக்கும். காற்று வரும் பக்கத்துக் கரையில் மரம் இருந்தால் அந்தக் கரைக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு பேர் போனால் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிப் போங்கள், பின்னால் வருபவருக்கு உழைப்பு குறையும்; சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்பின் மாறிக்கொள்ளுங்கள். கால்வாய்க்கு அருகே ரயில் பாதை ஓடினால் இன்னும் நல்லது. காற்றோடு ஒரே திசையில் போய்விட்டு ரயிலில் திரும்பிவிடலாம்.

கியர் விஷயத்தில் நான் எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: காற்றில்லாத காலை வேளைக்கு, போய்வர 20 கிலோமீட்டருக்குள் என்றால், கியர் இல்லாத சைக்கிள் போதும். அதற்கு மேல் போகிறவர்களுக்குப் பின்சக்கர அச்சுக்குள் மூன்று கியர் வைத்த சைக்கிளாவது வேண்டும். நெதர்லாந்தில் எதிர்காற்றுச் சைக்கிள் பந்தயம் என்றே ஒன்று நடத்துகிறார்கள். 2013-இல் தொடங்கியது. கடலை மறித்துக் கட்டிய ஊஸ்டர்ஸ்கெல்ட் தடுப்பணையின் மேல், போஃபர்ட் அளவில் 7-ஆம் எண் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சைக்கிளில் 8.5 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இளவட்டங்கள் அந்த எட்டரை கிலோமீட்டரை முடித்துவிட்டு நிற்க முடியாமல் சரிகிறார்கள். நீங்கள் 28 கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறீர்கள். உங்கள் கால்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

கேள்வி: எந்த டயர் நல்லது? என்னென்ன கருவிகள் எடுத்துப் போக வேண்டும்?
— கல்லூரி மாணவி

பதில்: 35 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர். காற்று 40, 45 பவுண்டு போதும். கல் மாதிரி இறுக அடித்தால் சரளையில் கை நடுங்கியே ஓய்ந்துவிடும். இரண்டு மட்கார்டும் இருக்கட்டும். மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பும் துண்டுகள், ஒட்டுப் போடும் பெட்டி, பம்பு, ஆலன் கீ எனப்படும் அறுகோணச் சாவிகள். கூடவே நன்றாகக் கேட்கும் மணி.

பஞ்சர் ஆனால் பலரும் டியூபை மாற்றியவுடன் டயரை மூடிவிடுகிறார்கள். அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிடும். குத்திய முள் டயரிலேயே இருக்கிறது, அதனால்தான். டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள், மிக மெல்ல. கண்ணுக்குத் தெரியாத முனை விரலில் உறுத்தும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடுங்கிவிட்டுப் பிறகு டியூபை மாட்டுங்கள். எங்கே ஓட்டை என்று பார்க்க வாளி தேட வேண்டாம். கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றடித்த டியூபை அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: நான் விவசாயி. கால்வாயை ஒட்டி எங்கள் நிலம். சைக்கிளில் வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் அறுவடை நேரத்தில் வண்டிப்பாதையின் நடுவே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். இயந்திரம் திரும்ப இடமில்லை. திறந்த வேலிக்கதவை மூடாமல் போகிறார்கள். இதையும் எழுதுங்கள்.

பதில்: அவசியம் எழுத வேண்டியது, ஐயா. நாம் ஓட்டும் பாதைகளில் சைக்கிளுக்கென்று போட்டவை குறைவு. பாசனக் கரையில் இருப்பது மதகையும் கரையையும் பார்வையிட வருகிறவர்களுக்கான பாதை. வயலுக்கு நடுவே போவது டிராக்டருக்கான பாதை. அங்கெல்லாம் நாம் விருந்தாளிகள். கரைக்குள் நுழைய அனுமதி இல்லை என்று பலகை இருந்தால் அத்தோடு திரும்பிவிட வேண்டும்.

அறுவடை இயந்திரமோ டிராக்டரோ வந்தால் ஓரமாக ஒதுங்குவது மட்டும் போதாது. இறங்கி, சைக்கிளோடு பாதையை விட்டே விலகி, ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும்வரை நிற்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து அவருக்குச் சக்கரத்தை ஒட்டிய தரை தெரியாது. வேலிக்கதவு மூடியிருந்தால் கடந்த பிறகு மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கால்நடைக்குத் தண்ணீருக்கு வழிவிட்டுத் திறந்து வைத்திருக்கலாம். மருந்து தெளித்துக்கொண்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

டிராக்டர் பாதை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. மழையில் சேறான பாதையில் சக்கரம் போன தடம் பிறகு வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஒரு சாண் ஆழம், என் டயரை விடக் கொஞ்சமே அகலம். மாலை வெளிச்சம் தாழ்ந்து பாதை முழுவதும் நிழல். தடம் கண்ணில் படவில்லை. முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டது. வெளியே எடுக்க ஹேண்டில்பாரைத் திருப்பினேன், திருப்பியதுதான் தப்பு. சக்கரம் தடத்தின் சுவரில் மோதி நின்றது, நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். தடத்துக்குள் இறங்கிவிட்டால் திருப்பாதீர்கள். நேராக விட்டு, வேகத்தைக் குறைத்து, நின்று, சைக்கிளைத் தூக்கி வெளியே வையுங்கள்.

கேள்வி: வாகனமே இல்லாமல் நாள் கணக்கில் இப்படிப் போகக்கூடிய இடங்கள் உலகில் எவை?
— பயணப் பிரியர் ஒருவர்

பதில்: நிறைய உண்டு. என் மனத்துக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரான்சின் தெற்கே கனால் தியூ மிதி. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். பியர் போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கினார். 1681-இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இந்தக் கால்வாயில் எனக்கு வியப்பு அதன் உச்சி. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தில் நோரூஸ் என்னும் இடம். அங்கிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்க வேண்டும் என்றால் அந்த உச்சிக்கே தண்ணீர் வந்து சேர வேண்டும் அல்லவா? மலையில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வெட்டி அங்கே கொண்டுவந்தார் ரிக்கே. இன்றைய கருவி எதுவும் இல்லாத காலத்தில் அந்த மட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். கரையில் வரிசையாக நின்ற பிளேன் மரங்களில் பூஞ்சை நோய் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு பல்லாயிரக்கணக்கில் வெட்டி, வேறு கன்றுகள் நடுகிறார்கள். துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் தார்ப்பாதை. கிழக்கே போகப் போக வேரும் மண்ணுமாக இருக்கும், அகல டயர் வேண்டும்.

அதே துலூஸிலிருந்து மேற்கே போவது கரோன் கால்வாய், 193 கிலோமீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், பாதை வழவழப்பாக இருக்கும். அஜான் நகரில் கால்வாயே கரோன் ஆற்றின் மேல் ஏறிப் போகிறது: 539 மீட்டர் நீளத்தில் 23 வளைவு கொண்ட கல்பாலம். ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அசையாத தண்ணீர், மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, வெகு ஆழத்தில், ஓடுகிற தண்ணீர். நான் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி முழுத் தூரமும் நடந்தேன். திரும்பி வந்து இன்னொரு முறையும் நடந்தேன்.

அமெரிக்காவில் செசபீக் - ஒஹையோ கால்வாயின் கரை, வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை 297 கிலோமீட்டர். 74 லாக்குகள் சேர்ந்து 184 மீட்டர்தான் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டரை மீட்டர். இதை மூடிச் சாலை போடும் யோசனை வந்தபோது, 1954-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு கரை முழுவதும் நடந்து காட்டினார். சாலை வரவில்லை. 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று.

நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். 34, 61, 62, 15 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் வரைபடமே தேவையில்லை. ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனை. 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்று ஒரு நிலப்பகுதி. ஏரியாக இருந்ததைக் காற்றாலைகளால் இறைத்து 1612-இல் வயலாக்கினார்கள். கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே இருக்கிறது. சுற்றியுள்ள கால்வாயின் கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர் உயரத்தில், மறுபக்கம் வயல் தாழ்வில். மட்டம் எடுத்தே வாழ்ந்த எனக்கு அந்தக் காட்சி பழக அரை நாள் ஆனது.

கேள்வி: ஒரு பெண் தனியாகப் போகலாமா?
— ஒரு செவிலியர்

பதில்: நான் தனியாகத்தான் போகிறேன். பழக்கமில்லாத கரைக்கு முதல் முறை மட்டும் துணையோடு போங்கள். கரையில் பத்து கிலோமீட்டருக்கு ஆளே இல்லாமல் இருக்கலாம். விழுந்தால் எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டும். வயலும் தண்ணீரும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கால்வாய்ப் பாலங்களிலும் மதகுகளிலும் பெரும்பாலும் எண் பொறித்திருப்பார்கள், கரையில் தூரக்கல்லும் இருக்கும். ஒவ்வொன்றையும் கடக்கும்போது அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் வீட்டுக்கு அனுப்பும் செய்தியில் அந்த எண்ணும் மணியும் மட்டும் இருக்கும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனையும் அழைத்துப் போக ஆசை. தண்ணீரை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. மண் கரையில் பிடிக்கப் புல் இருக்கும். சிமெண்ட் பூசிய கால்வாயில் பாசி படிந்த சாய்சுவர்தான், நீந்தத் தெரிந்த பெரியவராலும் ஏறி வர முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட கரைக்குச் சிறுவனை அழைத்துப் போக வேண்டாம் என்பேன். மற்ற இடங்களில் அவன் வயல் பக்கம், நீங்கள் தண்ணீர் பக்கம். பழைய பாலங்களுக்கு அடியில் பாதை குறுகி, தலை இடிக்கும் அளவுக்கு வளைவு தாழும், எதிரே வருகிறவர் தெரியமாட்டார். அங்கே மணியடித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகப் பழக்குங்கள். இங்கிலாந்தின் பழைய பாலமாக இருந்தால் வளைவின் விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கும். குதிரைகள் படகை இழுத்துப் போன காலத்தில் கயிறு தேய்த்துத் தேய்த்து விழுந்த தடம் அது. மகனை விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் ஓட்டுகிற பாதை அந்தக் குதிரைக்காகப் போட்டது என்று அப்போது சொல்லலாம்.

கேள்வி: இரண்டு கரையிலும் பாதை இருந்தால் எந்தக் கரையில் போவது?
— மூன்று வாசகர்கள்

பதில்: முதலில் காற்று; அதை மேலே சொல்லிவிட்டேன். காற்று இல்லாவிட்டால் நிழல். கால்வாய் வடக்கு தெற்காக ஓடுகிறது, மரங்கள் பாதைக்கு வயல் பக்கம் நிற்கின்றன என்றால் காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. மரங்கள் பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே நின்றால் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் கால்வாயில் வெயில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மரம் இருக்கும் பாதையாகப் பாருங்கள். நண்பகலில் எந்தக் கரையும் ஒன்றுதான். அப்போது பாலத்துக்கு அடியில் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீரில் பட்ட வெளிச்சம் வளைவின் அடிப்பக்கத்தில் நெளிந்துகொண்டே இருக்கும்; எனக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.